மூன்று வாசல் போதுமா?

(சர்வதேசப் பெண்கள் தினத்தையொட்டி நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெண்கள் தினக் கூட்டம் என்றால் கூலியைப் பற்றிப் பேசுவோம், விலைவாசியைப் பற்றிப் பேசுவோம், ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவோம். இன்று நாம் பேசப்போவது குத்துச்சண்டையைப் பற்றி. "இது என்ன புது விவகாரம்?" என்று முன்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் நினைப்பது நமக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம். கூலிக் கணக்கில் பெண்ணுக்கு எந்த வஞ்சகம் நடக்கிறதோ, அதே வஞ்சகம் குத்துச்சண்டை மேடையிலும் நடந்திருக்கிறது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே கணக்கப்பிள்ளை எழுதியது போலவே இருக்கும்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லண்டன் ஒலிம்பிக்கில், சரித்திரத்திலேயே முதன்முறையாகப் பெண்களின் குத்துச்சண்டை பதக்கத்துக்குரிய போட்டியாக நடந்தது. அதில் 51 கிலோ எடைப் பிரிவில் நம் நாட்டு மேரி கோம் வெண்கலப் பதக்கம் பெற்றார். பத்திரிகைகள் கொண்டாடின. சினிமாவும் எடுத்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். ஆனால் கை தட்டி முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும். 45 கிலோவிலும், 46 கிலோவிலும், 48 கிலோவிலும் உலகப் பட்டம் வென்ற பெண், லண்டனில் ஏன் 51 கிலோவில் போய் நிற்க நேர்ந்தது? இந்தக் கேள்விக்குள்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது.

தராசு எதற்கு?

குத்துச்சண்டையில் எடைப் பிரிவு என்பது ஏன் வந்தது? காரணம் சாதாரணமானது. கையின் வேகமும் வித்தையும் சமமாக இருந்தால், கனமான உடம்பே ஜெயிக்கும். 49 கிலோ ஆளை 91 கிலோ ஆளோடு மோதவிட்டால் அது போட்டியல்ல, கொலை. ஆகவே மேடை ஏறுவதற்கு முன் இருவரும் தராசில் ஏறுகிறார்கள். ஒத்த எடைக்கு ஒத்த எடை. அதன் பிறகுதான் வித்தை, தைரியம், பயிற்சி எல்லாம் பேச வரும். எடைப் பிரிவு என்பது சலுகை அல்ல. நியாயத்தின் அஸ்திவாரமே அதுதான்.

இந்த நியாயத்தை ஒலிம்பிக் அதிகாரிகள் எப்படிப் பங்கிட்டார்கள் என்று பாருங்கள்.

லண்டனில் ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள். 49, 52, 56, 60, 64, 69, 75, 81, 91 கிலோ. அதற்கு மேல் ஒன்று. கீழ்ப்படிகளில் மூன்று நான்கு கிலோ, நடுப்படிகளில் ஐந்து ஆறு கிலோ. எந்த உடம்புக்கும் பக்கத்திலேயே ஒரு படி இருக்கிறது.

பெண்களுக்கு எத்தனை? மூன்று. 51, 60, 75. அவ்வளவுதான். பெண்களின் உலகச் சாம்பியன் போட்டியில் அப்போது பத்துப் பிரிவுகள் இருந்தன. அந்தப் பத்து, ஒலிம்பிக் வாசலுக்கு வந்ததும் மூன்றாகச் சுருங்கிவிட்டது.

நம் பாட்டிமார்கள் அறிந்த பழைய பின்னக் கணக்கிலேயே இதைப் போட்டுப் பார்ப்போம். 48 கிலோப் பெண் 51க்கு ஏற வேண்டுமானால் மூன்று கிலோ கூட்ட வேண்டும். அவள் உடம்பில் அது பதினாறில் ஒரு பங்கு. அதாவது ஒரு வீசம். வீசம் என்றால் அற்பம் என்று நினைக்காதீர்கள். தங்கத்தை நிறுக்கும்போது வீசம் அற்பமா? குத்துச்சண்டையிலும் அப்படித்தான். 60க்கும் 75க்கும் இடையில் பதினைந்து கிலோ. அறுபதில் பதினைந்து என்றால் கால் பங்கு. 66 கிலோ எடையுள்ள ஒரு பெண் என்ன செய்வாள்? பட்டினி கிடந்து 60க்கு இறங்க வேண்டும். இல்லையேல் தன்னைவிட ஒன்பது கிலோ கனமானவளிடம் அடி வாங்கச் சம்மதிக்க வேண்டும். ஆணுக்கு இந்த நிர்ப்பந்தம் இருந்ததா? இல்லை. அவனுக்கு 64 இருக்கிறது, 69 இருக்கிறது.

இனி ஆட்கணக்கு. லண்டனில் குத்துச்சண்டை வீரர்கள் மொத்தம் 286 பேர். அதில் ஆண்கள் 250. பெண்கள், பிரிவுக்குப் பன்னிரண்டு பேர் வீதம், 36. எட்டில் ஒரு பங்கு. பழைய கணக்கில் அரைக்கால்! சமத்துவம் வந்துவிட்டது என்று உலகமெல்லாம் பறை அறைந்தார்களே, அந்தச் சமத்துவத்தின் எடை அரைக்கால்தான், தோழர்களே!

மேடைக்கு வந்த பாதை

மேரி கோம் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மணிப்பூரில் சூராசாந்த்பூர் மாவட்டத்தில் காங்கதேய் என்ற சிற்றூர். மலைச்சரிவுகளில் காட்டைத் திருத்திப் பயிர் செய்யும் ஏழைக் குடும்பம். தாய் தந்தையோடு வயலில் இறங்கி வேலை செய்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த மூத்த பெண் அவர். 1998இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். அதைப் பார்த்த மணிப்பூர் இளைஞர் கூட்டம் கையுறையைத் தேடி ஓடியது. அந்தக் கூட்டத்தில் இந்தப் பெண்ணும் இருந்தார்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். 2000ஆம் ஆண்டு மாநிலப் போட்டியில் ஜெயித்து, படம் பத்திரிகையில் வந்த பிறகுதான் தந்தைக்கே தெரிந்தது. அவருக்குக் கோபம். முகத்தில் காயம் பட்டால் யார் கலியாணம் செய்துகொள்வார்கள் என்ற கவலை. அந்தத் தகப்பனாரை நாம் குறை சொல்லவில்லை. அது அவருடைய சொந்தக் கவலை அல்ல. சமூகம் அவர் தலையில் ஏற்றி வைத்த கவலை. ஆணின் மூக்கு உடைந்தால் வீரத் தழும்பு. பெண்ணின் மூக்கு உடைந்தால் கலியாணச் சந்தையில் விலை குறைவு! பெண்ணின் முகம் அவளுக்குச் சொந்தமல்ல, நாளை வரப்போகும் எவனோ ஒருவனுக்குச் சொந்தம் என்ற நிலப்பிரபுத்துவப் புத்திதான் இதன் வேர்.

நம் நாட்டில் பெண்களுக்கான முதல் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? இதே சென்னையில்தான், 2001 பிப்ரவரியில். அதில் மேரி கோம் தங்கம் வென்றார். அந்த ஆண்டிலேயே அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் நகரில் பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. அங்கே 48 கிலோவில் வெள்ளி. பிறகு 2002இல் துருக்கியில் 45 கிலோவில் தங்கம். 2005இல் ருஷ்யாவிலும், 2006இல் டில்லியிலும் 46 கிலோவில் தங்கம். 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. "இனி முடிந்தது" என்று பலர் நினைத்தார்கள். 2008இல் சீனாவில் மீண்டும் 46 கிலோவில் தங்கம். 2010இல் பார்படாஸில் 48 கிலோவில் தங்கம். ஐந்து முறை உலகப் பட்டம். அந்த ஐந்தில் ஒரு எடைக்குக்கூட ஒலிம்பிக்கில் வாசல் திறக்கவில்லை.

டில்லியில் நடந்த 2006 உலகப் போட்டியில் நம் நாட்டுப் பெண்கள் நான்கு தங்கம் வென்றார்கள். 46 கிலோவில் மேரி கோம், 52இல் சரிதா தேவி, 63இல் கேரளத்தின் ஜென்னி, 75இல் கேரளத்தின் லேகா. நான்கு பேரும் உலகத்தில் முதல்வர்கள். இந்த நான்கு எடைகளில் லண்டன் ஒலிம்பிக்கில் அப்படியே பொருந்தும் வாசல் எத்தனை? ஒன்றே ஒன்று, 75. மற்ற மூன்று எடைக்காரர்களும் கூட்ட வேண்டும், அல்லது குறைக்க வேண்டும், அல்லது வீட்டில் இருக்க வேண்டும். ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒருவருக்குத்தான் இடம். மேரி கோம் 51க்கு வந்தார். அதே மணிப்பூரைச் சேர்ந்த சரிதா தேவி 60க்கு ஏறிப் பார்த்தார். லண்டனுக்குத் தகுதி கிடைக்கவில்லை. அவர் திறமையா தோற்றது? வாசல்தான் இல்லை.

லண்டன் துறைமுகக் கரையில்

போட்டி நடந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கு லண்டனில் எக்ஸெல் என்ற பெரிய மண்டபம். அது நிற்கும் இடம் பழைய ராயல் விக்டோரியா கப்பல்துறை. காலனி நாடுகளின் செல்வம் வந்து இறங்கிய கரை அது. மூட்டை தூக்கிய துறைமுகத் தொழிலாளிகள் வாழ்ந்த பேட்டை அது. அந்தக் கப்பல்துறைக்கு அடுத்தாற்போல் சில்வர்டவுன். 1889இல் அங்கே ரப்பர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, காரல் மார்க்ஸின் மகள் எலியனார் மார்க்ஸ் அவர்கள் நடுவே நின்று, பெண் தொழிலாளர்களுக்குச் சங்கக் கிளை அமைத்தார். அதற்கு முந்திய ஆண்டு, அதே கிழக்கு லண்டனில் போ என்ற பகுதியில், தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். பாஸ்பரஸ் விஷம் தாடை எலும்பை அரித்த தொழிற்சாலை அது. அற்பக் கூலியிலும் அபராதம் பிடித்த முதலாளியைப் பணியவைத்து, அபராதத்தை ஒழித்துவிட்டுத்தான் அவர்கள் உள்ளே போனார்கள்.

அந்த மண்ணில்தான், 123 ஆண்டுகளுக்குப் பிறகு, பெண்கள் கையுறை மாட்டி மேடை ஏறினார்கள். அதிகாரிகள் மனமிரங்கிக் கதவைத் திறந்தார்கள் என்று நாம் நம்பவில்லை. இங்கிலாந்தின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் பெண்களுக்கு விதித்திருந்த தடையை 1996இல்தான் நீக்கியது. ஒலிம்பிக் கமிட்டி 2009 ஆகஸ்டில்தான் சம்மதித்தது. தடை இருந்த காலத்திலும் பயிற்சியை விடாத பெண்கள், எதிராளி கிடைக்காமல் வருஷக்கணக்கில் காத்திருந்த பெண்கள், அவர்கள் தட்டித் தட்டித்தான் கதவு திறந்தது.

சம்மதித்த பிறகும் தொல்லை ஓயவில்லை. மேடையில் பெண்கள் பாவாடை அணிய வேண்டும் என்று ஒரு யோசனை கிளம்பியது! தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு ஆண் யார், பெண் யார் என்று தெரிய வேண்டுமாம். 2010 பார்படாஸ் உலகப் போட்டியில் இதை முன்வைத்தார்கள். வீராங்கனைகள் எதிர்த்தார்கள். பல நாடுகளிலும் கண்டனம் எழுந்தது. கடைசியில் 2012இல், கால்சட்டையா பாவாடையா என்பது அவரவர் இஷ்டம் என்று விதி எழுதினார்கள். ஒற்றுமையாக எதிர்த்தால் அதிகாரம் பின்வாங்கும் என்பதற்கு இது ஒரு சிறிய சான்று. சண்டை நேரத்திலும் வித்தியாசம் இருந்தது. ஆண்களுக்கு மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று, மொத்தம் ஒன்பது நிமிடம். பெண்களுக்கு இரண்டு நிமிடம் வீதம் நான்கு சுற்று, மொத்தம் எட்டு. அந்த ஒரு நிமிடத்தைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.

பன்னிரண்டு பெண்கள்

ஆகஸ்டு 5ஆம் தேதி. ஒலிம்பிக் சரித்திரத்தின் முதல் பெண்கள் குத்துச்சண்டை ஆட்டம் இந்த 51 கிலோப் பிரிவில்தான் நடந்தது. ருஷ்யாவின் எலினா சாவெல்யேவாவும், கொரிய ஜனநாயக மக்கள் குடியரசின் கிம் ஹே-சோங்கும் மோதினார்கள். 12-9 என்ற புள்ளியில் ருஷ்யப் பெண் ஜெயித்தார். வெற்றி ஒருவருக்கு, சரித்திரம் இருவருக்கும்.

அதே நாளில் மேரி கோம் மேடை ஏறினார். அன்று அவருடைய இரட்டைப் பிள்ளைகளுக்கு ஐந்தாவது பிறந்த நாள். அவர்கள் மணிப்பூரில், தாய் லண்டனில். எதிரே போலந்தின் கரோலினா மிகால்சுக். 54 கிலோவில் உலகப் பட்டம் பெற்றிருந்தவர்; அங்கிருந்து 51க்கு இறங்கி வந்தவர். ஒருத்தி கீழிருந்து ஏறி வந்தாள், மற்றொருத்தி மேலிருந்து இறங்கி வந்தாள். மூன்று வாசல் வைத்த புண்ணியவான்களின் ஏற்பாடு இது! மேரி கோம் விலகி விலகி, எதிராளி வீசிய கை திரும்பும் நேரம் பார்த்து உள்ளே புகுந்து அடித்தார். 19-14. மறுநாள் கால் இறுதியில் துனீஷியாவின் மாரூவா ரஹாலியை 15-6 என்று வென்றார். அரை இறுதிக்கு வந்துவிட்டதால் பதக்கம் உறுதியாயிற்று. அமெச்சூர் குத்துச்சண்டையில் அரை இறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு.

ஆகஸ்டு 8ஆம் தேதி அரை இறுதி. எதிரே இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ். அவரும் சீமாட்டி அல்ல. லீட்ஸ் என்ற தொழில் நகரத்துப் பெண். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தாய் தன்னோடு உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றதால், பன்னிரண்டு வயதில் கையுறை மாட்டியவர். பதின்மூன்று வயதில் ஒரு தொழிலாளர் கிளப்பில் முதல் ஆட்டம். அடுத்த ஆட்டத்துக்கு எதிராளி கிடைக்க நான்கு வருஷம்! சர்க்கார் உதவி இல்லாத காலத்தில் கட்டிட வேலை செய்தார்; தொலைக்காட்சி நாடகங்களில் கூட்டத்தில் ஒருவராக நின்று கூலி வாங்கினார். 2009இல் மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடி. மூன்று மாதம் படுக்கை. ஒலிம்பிக்கில் இடம் உண்டு என்று முடிவான பிறகுதான் முறையான பண உதவி வந்தது. விளையாட்டு வளர்ந்தால் வாசல் திறப்போம் என்பார்கள் அதிகாரிகள். உண்மை தலைகீழ். வாசல் திறந்தால்தான் விளையாட்டு வளர்கிறது.

ஆடம்ஸ் மேரி கோமைவிட உயரம். கை நீளம். 51 கிலோ அவருக்கு இயல்பான எடை. மூன்று மாதங்களுக்கு முன் சீனாவில் நடந்த உலகப் போட்டியிலும் அவரிடமே மேரி கோம் தோற்றிருந்தார். இப்போதும் எட்டி நின்று அடிக்கும் அந்தக் கையைத் தாண்டி உள்ளே புக முடியவில்லை. 11-6 என்று ஆடம்ஸ் ஜெயித்தார். மேரி கோமுக்கு வெண்கலம். மற்றோர் அரை இறுதியில் சீனாவின் ரென் சான்சான், அமெரிக்காவின் மார்லென் எஸ்பார்சாவை 10-8 என்று வென்றார். ஆகஸ்டு 9ஆம் தேதி இறுதிப் போட்டியில், உலகச் சாம்பியனான ரென்னை இரண்டாம் சுற்றில் தரையில் விழவைத்து, 16-7 என்று ஆடம்ஸ் தங்கம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் பெற்ற முதல் பெண் அவர். அன்றே 60 கிலோவில் அயர்லாந்தின் கேட்டி டெய்லர் தங்கம் பெற்றார். 75இல் அமெரிக்காவின் கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ், பதினேழு வயது கறுப்பினப் பெண், 1936-37இல் மோட்டார் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடிச் சங்க உரிமை வென்ற பிளின்ட் நகரத்தின் பிள்ளை, தங்கம் பெற்றார்.

ஆடம்ஸின் வெற்றியை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர் நியாயமாக ஜெயித்தார். இரண்டு ஏழை வீட்டுப் பெண்களில் ஒருத்தி ஜெயித்தாள், ஒருத்தி தோற்றாள். நம்முடைய வழக்கு ஆடம்ஸோடு அல்ல. அந்த மேடைக்குப் பக்கத்தில் 48 கிலோவுக்கும் ஒரு மேடை போடாதவர்களோடுதான் நம் வழக்கு.

யார் தட்டிலிருந்து?

இங்கேதான் தொழிலாளி வர்க்கம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் வருகிறது.

மூன்று வாசல் திறந்தார்களே, அதற்கு இடம் எங்கிருந்து வந்தது? 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் ஆண்களுக்குப் பதினொரு பிரிவுகள். லண்டனில் ஒன்றைக் குறைத்துப் பத்தாக்கினார்கள். 57 கிலோப் பிரிவு போயிற்று. மொத்தம் 286 பேர் என்ற உச்சவரம்பு அப்படியே இருந்தது. அண்ணன் தட்டிலிருந்து எடுத்துத் தங்கை தட்டில் வைத்தார்கள். குதிரிலிருந்து ஒரு படி நெல்கூட அளக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2016 ரியோவில் மாற்றமே இல்லை; அதே மூன்று, அதே 36. மேரி கோமுக்குத் தகுதி கிடைக்கவில்லை. இந்தியப் பெண் ஒருவர்கூட அங்கே குத்துச்சண்டை மேடை ஏறவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து பிரிவுகள், 100 பேர். ஆண்களுக்கு எட்டுப் பிரிவுகள், 186 பேர். பெண்களுக்கும் மூன்று நிமிடச் சுற்று மூன்று வந்தது. அங்கே புதிதாகத் திறந்த 69 கிலோ வாசல் வழியாகத்தான் அஸ்ஸாமின் லவ்லினா போர்கோஹைன் உள்ளே போய் வெண்கலத்தோடு வந்தார். வாசல் இருந்தால் நம் பெண்கள் நுழைவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2024 பாரிஸில் பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு ஏழு. ஆட்கணக்கில் 124க்கு 124. சரிசமம்! பன்னிரண்டு வருஷத்தில் அரைக்கால் பங்கு அரைப் பங்காகியிருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஏழுக்கு ஏழு என்று 2025இல் முடிவாகியிருக்கிறது. இது பெரிய வெற்றி. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் கூட்டிப் பாருங்கள். டோக்கியோவில் மொத்தம் 286. பாரிஸில் 248. பெண்களுக்கு 24 இடம் கூடியது. ஆண்களுக்கு 62 இடம் குறைந்தது. 38 இடம் காணாமற்போனது! சமத்துவத்தின் பேரால் பந்தியே சுருங்கிவிட்டது. நாளை ஒரு வாலிபன், "என் எடைப் பிரிவைப் பெண்கள் தின்றுவிட்டார்கள்" என்று சொன்னால் ஆச்சரியமில்லை. ஆலையில் பெண்ணை வேலைக்கு எடுத்தால் ஆண் தொழிலாளியிடம், "உன் வேலையை அவள் பறித்தாள்" என்று ரகசியமாகக் கிள்ளிவிடும் அதே தந்திரம் இது. அந்த வாலிபனுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில்: தம்பி, உன் தங்கை உன் சோற்றைத் தின்னவில்லை. சட்டியை மூடி வைத்திருப்பவன் வேறு ஆள். ஒளிபரப்பு உரிமையை விற்றுக் கோடி கோடியாக வாங்குகிறவனிடம் போய், இருவருக்கும் சேர்த்துக் கேள்.

இன்னும் ஒன்று. 2023இல் டில்லி உலகப் போட்டியில் 48 கிலோவில் நீத்து கங்காஸ் தங்கம் வென்றார். பாரிஸில் பெண்களுக்கு மிகக் குறைந்த எடை 50. மேரி கோம் நின்ற அதே இடத்தில், பன்னிரண்டு வருஷம் கழித்து, இன்னொரு பெண் வந்து நின்றார். அந்த 48 கிலோ வாசல் அப்போதும் திறக்கவில்லை.

நம் வீட்டைப் பார்ப்போம்

எதிரியின் குறையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது கம்யூனிஸ்டுகளுக்கு அழகல்ல. சுயவிமர்சனமும் வேண்டும்.

சோஷலிஸ்ட் கியூபா ஆண்களின் குத்துச்சண்டையில் உலகத்துக்கே ஆசான். ஒலிம்பிக் தங்கங்களைக் குவித்த நாடு. அந்தக் கியூபா தன் பெண்களுக்குப் போட்டிக் குத்துச்சண்டையை எப்போது அனுமதித்தது? 2022 டிசம்பரில்! லண்டன், ரியோ, டோக்கியோ மூன்றும் போய்விட்டன. பெண்கள் டாக்டராகலாம், விஞ்ஞானியாகலாம், மல்யுத்தம் செய்யலாம். குத்துச்சண்டை மட்டும் கூடாது என்று அத்தனை காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். முகம் கெட்டுவிடும் என்ற பழைய கவலை புரட்சி நடந்த நாட்டிலும் செத்துப்போகவில்லை. கியூபாவை நேசிக்கிறவர்கள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறோம். உற்பத்திச் சாதனங்களின் உடைமை மாறினால் மட்டும் பழைய புத்தி தானாகச் சாகாது. அதோடு தனியே போராட வேண்டும்.

இந்தச் சொற்பொழிவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது, மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "ஏன் தோழர், ஏழை வீட்டுப் பெண்கள் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் குத்திக்கொள்வதில் என்ன விடுதலை இருக்கிறது?" நியாயமான கேள்வி. குத்துச்சண்டையில் ஆபத்து உண்டு. தலையில் படும் அடி மூளையைப் பாதிக்கும். அந்த ஆபத்துக்கு டாக்டரும், விதியும், பாதுகாப்பும் வேண்டும். ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். ஆனால் அந்தத் தோழரிடம் நாம் திருப்பிக் கேட்டோம்: "டிங்கோ சிங் தங்கம் வென்றபோது இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா, தோழர்?" அவர் சிரித்துவிட்டார். "கேட்கவில்லை" என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சிரிப்பில்தான் நம் வேலை ஆரம்பமாகிறது.

குத்துச்சண்டை போடுவதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அந்தப் பெண். தகப்பனும் அல்ல, அதிகாரியும் அல்ல, நாமும் அல்ல. எல்லாப் பெண்களும் கையுறை மாட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மாட்ட விரும்புகிறவளுக்கு மைதானம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், வயிறாரச் சோறு வேண்டும், அவள் உடம்புக்கு ஏற்ற வாசல் வேண்டும் என்கிறோம். ஜெயித்து வந்த பிறகு மாலை போடும் சர்க்கார், ஜெயிப்பதற்கு முன் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்க வேண்டும் என்கிறோம். பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் பெண் குழந்தைகளுக்கும் சம நேரம் ஒதுக்க வேண்டும் என்கிறோம்.

மேரி கோமின் கதை வெண்கலத்தோடு முடியவில்லை. 2018 நவம்பரில் டில்லி உலகப் போட்டியில், மூன்று குழந்தைகளின் தாயாக, உக்ரேனின் ஹன்னா ஒகோட்டாவை 5-0 என்று வென்று ஆறாவது உலகப் பட்டம் பெற்றார். எந்த எடையில்? 48 கிலோவில்! அவருக்கு உரிய எடையில் மேடை கிடைத்தபோது உலகத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை. உரிய எடை மறுக்கப்பட்டபோது வெண்கலம். இந்த வித்தியாசம்தான் திறக்காத வாசலின் விலை.

தாய்மார்களே! நாளைக்கு உங்களிடம் யாராவது வந்து, "உங்களுக்கும் உரிமை கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன?" என்று கேட்டால், அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வாசல்? எத்தனை பேருக்கு? யார் தட்டிலிருந்து? கூலியானாலும் சரி, பஞ்சாயத்து ஆனாலும் சரி, சட்டசபை ஆனாலும் சரி, குத்துச்சண்டை மேடையானாலும் சரி, இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்காமல் கை தட்டாதீர்கள்.

தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் அரைக்கால் நியாயத்தோடு வீடு திரும்பவில்லை. நாமும் திரும்ப வேண்டாம். முழு நியாயம் கிடைக்கும் வரை தட்டுவோம். தனித்தனியாக அல்ல, அண்ணனும் தங்கையும் சேர்ந்து தட்டுவோம்.